க்ளவுடில் ரகசியமும் சாவியும் வைக்க எவ்வளவு ஆகும்?

இணையம் வழியே சர்வரை வாடகைக்கு எடுக்கும் க்ளவுட் சேவையின் பில்லைத் திறந்தால் சர்வர், டேட்டாபேஸ், சேமிப்பு எல்லாம் மேலேயே தெரியும். கீழே எங்கோ ஒரு மூலையில் ‘கேஎம்எஸ்’, ‘சீக்ரெட்ஸ் மேனேஜர்’, ‘கீ வால்ட்’ என்று ஒரு வரி இருக்கும். தொகை சில்லறையாக இருப்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. பிறகு ஏதோ ஒரு மாதம் அந்த வரி டேட்டாபேஸ் வரியைத் தாண்டி நிற்கும். அப்போதுதான் ‘இது என்னது?’ என்று ஆபீஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் நம்மவர்கள் நடத்தும் சிறு தொழில்கள் பலவற்றுக்கு இப்போது ஏதோ ஒரு ஆப் இருக்கிறது. கேட்டரிங் கடைக்குத் தீபாவளி இனிப்பு ஆர்டர், துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லாரிக் கம்பெனிக்கு வண்டி எங்கே நிற்கிறது என்ற கணக்கு, இப்படி. எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரப் பையனோ, ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் நண்பரோ. அவர்களுக்காகவும், பில் கட்டும் முதலாளிகளுக்காகவும் இந்தக் கட்டுரை. கணிதம் எதுவும் கிடையாது, பெருக்கல் மட்டும் உண்டு.

முதலில் இரண்டு பொருளைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் பில்லில் இவை தனித்தனி வரியாக வரும்.

ரகசியம் என்பது ஆப் ஓடுவதற்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சொல் அல்லது எழுத்துக்கோவை. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கொடுத்த ஏபிஐ கீ (நம் ஆப் யார் என்று காட்டும் அனுமதிச் சொல்), எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் டோக்கன், இதெல்லாம் ரகசியம். ஆப் இதைக் கேட்டு வாங்கி, உள்ளது உள்ளபடி பயன்படுத்தும்.

குறியாக்கச் சாவி வேறு. அதை ஆப் கண்ணால் பார்ப்பதே இல்லை. வாடிக்கையாளரின் அடையாள எண்ணைக் கொடுத்து ‘இதைப் பூட்டித் தா’ என்று கேட்கும். பூட்டிய வடிவம் திரும்பி வரும். பிறகு அதைக் கொடுத்து ‘திறந்து தா’ என்று கேட்கும். சாவி க்ளவுட் நிறுவனத்திடமே இருக்கும், வெளியே வராது; அமேசானில் அது ஹெச்எஸ்எம் எனப்படும் பாதுகாப்புப் பெட்டிக்குள் இருக்கும். அமேசானின் கேஎம்எஸ் (சாவி மேலாண்மைச் சேவை), கூகிளின் க்ளவுட் கேஎம்எஸ், மைக்ரோசாஃப்ட் அஷூரின் கீ வால்ட் எல்லாம் செய்வது அடிப்படையில் இதுதான். ரகசியங்களுக்கு அமேசானில் சீக்ரெட்ஸ் மேனேஜர், கூகிளில் சீக்ரெட் மேனேஜர் என்று தனிச் சேவை. அஷூரில் இரண்டுக்கும் ஒரே கீ வால்ட்.

இவற்றின் விலையை வங்கி லாக்கரோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். லாக்கர் வைத்திருப்பதற்கு ஒரு வாடகை. ஒவ்வொரு முறை போய்த் திறப்பதற்கு ஒரு கட்டணம் என்று வங்கி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். க்ளவுடில் இந்த இரண்டும்தான் செலவு. வாடகை எல்லோர் கண்ணிலும் படும். திறக்கும் கட்டணம் பத்தாயிரம் முறைக்கு ஐந்து சென்ட் என்று இருப்பதால் ‘இதெல்லாம் ஒரு காசா’ என்று தோன்றும். பில் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

விலைப்பட்டியல் இப்படி. அமேசானில் நாமே உருவாக்கும் ஒரு குறியாக்கச் சாவிக்கு மாதம் 1 டாலர். அதைப் பயன்படுத்தக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழைப்பு; 10,000 அழைப்புக்கு 0.03 டாலர், மாதம் முதல் 20,000 அழைப்பு இலவசம். ஒரு ரகசியத்துக்கு மாதம் 0.40 டாலர், 10,000 அழைப்புக்கு 0.05 டாலர். கூகிளில் மென்பொருள் வகைச் சாவிக்கும் ரகசியத்துக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் (மாற்றும்போதெல்லாம் ஒரு புதுப் பதிப்பு) மாதம் 0.06 டாலர், 10,000 அழைப்புக்கு 0.03 டாலர், ரகசியத்தில் முதல் ஆறு பதிப்பு இலவசம். அஷூரின் சாதாரண கீ வால்டில் ரகசியத்துக்கு வாடகையே கிடையாது, 10,000 செயலுக்கு 0.03 டாலர் மட்டும். இவை பொதுவான பட்டியல் விலைகள். சர்வர்கள் இருக்கும் பிராந்தியத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மாறலாம், மாற்றவும் செய்வார்கள். கணக்குப் போட உட்காரும் அன்று அந்தந்த விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொகை மாறினாலும் கதை அதேதான்.

வாடகையை முதலில் முடித்துவிடலாம். கேட்டரிங் கடைக்கு எட்டு ரகசியம் இருக்கிறது என்று வையுங்கள். எட்டு தடவை 0.40, மூன்று டாலர் இருபது சென்ட் என்று நினைப்போம். ஆனால் அசல் ஆப், சோதனை ஆப், எழுதுபவரின் சொந்த ஆப் என்று மூன்று சூழல் இருக்கும். ஆகவே 24 ரகசியம், 9.60 டாலர். டாலருக்கு 18 ரேண்ட் என்று வைத்தால் 173 ரேண்ட். 15 சதவீத வாட் சேர்த்தால் ஏறக்குறைய 200 ரேண்ட். இன்னொரு பிராந்தியத்தில் நகல் வைத்தால் அந்த நகலுக்கும் தனி வாடகை, அதாவது இரட்டிப்பு.

எட்டையும் ஒரே ரகசியமாக, ஜேசன் என்ற பெயர்-மதிப்புப் பட்டியலாகப் போட்டுவிட்டால் 24 என்பது 3 ஆகிவிடும், மாதம் 1.20 டாலர். ஒரு ரகசியத்தில் 64 கேபி வரை கொள்ளும் என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பலர் இதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்வார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. எஸ்எம்எஸ் அனுப்பும் சின்ன நிரலுக்கு எஸ்எம்எஸ் டோக்கன் மட்டும்தான் வேண்டும். எல்லாம் ஒரே கட்டில் இருந்தால் பேமென்ட் கேட்வே கீயும் அதன் கையில் போய்விடும். சோதனைச் சூழலில் கட்டிப் போடுங்கள், தவறில்லை. அசலில் பணம் தொடும் ரகசியங்களையாவது தனியாக வையுங்கள். அதற்காகக் கூடப் போகும் காசு மாதம் ஒரு டாலர்கூட இல்லை.

அமேசானிலேயே இன்னொரு வழி உண்டு: பாராமீட்டர் ஸ்டோர். சாதாரண வகையில் 10,000 வரை வைக்கலாம், வாடகை இல்லை, ஒவ்வொன்றும் 4 கேபி. குறியாக்கம் செய்தும் வைக்கலாம். தானாகவே பாஸ்வேர்டை மாற்றித் தரும் வசதி அதில் இல்லை, பிராந்தியங்களுக்கிடையே நகலெடுக்காது. ஒரு கேட்டரிங் கடைக்கு அதெல்லாம் எதற்கு? எஸ்எம்எஸ் டோக்கனைப் பெரும்பாலும் தானாக மாற்ற முடியாது, அந்த நிறுவனத்தின் தளத்தில் போய்த்தான் மாற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்டதற்கு 40 சென்ட் வாடகை வீண்.

சரி, இப்போது திறக்கும் கட்டணம்.

லாரிக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 300 வண்டி. ஒவ்வொன்றிலும் உள்ள கருவி 30 விநாடிக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்புகிறது. அதாவது விநாடிக்கு 10 செய்தி. கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 30 நாள் மாதத்தில் 25,92,000 விநாடி. ஆகவே மாதம் 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் செய்தி. எழுதியவர், செய்தி வரும்போதெல்லாம் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், வரைபட சேவையின் கீ, எஸ்எம்எஸ் டோக்கன் மூன்றையும் சீக்ரெட்ஸ் மேனேஜரிடம் புதிதாகக் கேட்டு வாங்கும்படி எழுதிவிட்டார். பாடப் புத்தக உதாரணத்தில் அப்படித்தானே இருக்கும். மூன்றால் பெருக்கினால் 7 கோடியே 77 லட்சத்து 60 ஆயிரம் அழைப்பு. பத்தாயிரத்துக்கு ஐந்து சென்ட் வீதம் 388.80 டாலர். ஏறக்குறைய 7,000 ரேண்ட், வாட் இன்னும் சேர்க்கவில்லை. மூன்று ரகசியங்களின் வாடகையோ 1.20 டாலர்.

இதற்கு மருந்து எளிது. வாங்கிய ரகசியத்தை நிரல் தன் நினைவகத்தில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளட்டும், ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மறுபடி கேட்கட்டும். ஒரு நிரல் ஒரு ரகசியத்தை மாதம் 8,640 முறை கேட்கும். ஒரே நேரத்தில் 20 நிரல் ஓடினாலும், மூன்று ரகசியத்துக்கு மொத்தம் 5,18,400 அழைப்பு. 2.59 டாலர். ஏழாயிரம் ரேண்ட் ஐம்பது ரேண்டுக்கும் கீழே வந்துவிட்டது, பாதுகாப்பில் ஒன்றும் குறையவில்லை. இப்படி நினைவகத்தில் வைத்துக்கொள்வதுதான் கேஷ்; இதற்கென்று அமேசானே கேஷ் நூலகங்களை ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் தருகிறது. நாம் சர்வர் வைக்காமல் நிரலை மட்டும் ஓட்டும் லாம்டா சேவையில் இணைத்துக்கொள்ள ஒரு நீட்சியும் இருக்கிறது. கையால் எழுதினாலும் பத்து வரிதான். லாம்டாவில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ரகசியத்தைக் கேட்கும் வரி கையாளும் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் அது ஓடும்.

ஐந்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்று கேட்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் எவ்வளவு நேரம் பழையதை வைத்துக்கொண்டு ஆப் தடுமாறலாம் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். டேட்டாபேஸ் ‘பாஸ்வேர்ட் தப்பு’ என்று சொன்ன உடனே கேஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும்படி எழுதிவிட்டால் ஒரு மணி நேரம்கூட வைக்கலாம். ஆனால் அங்கே ஒரு வரம்பு போடுங்கள். பாஸ்வேர்ட் உண்மையிலேயே தப்பாக இருந்தால் நிரல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், விடிவதற்குள் லட்சக்கணக்கில் அழைப்பு ஏறிவிடும்.

இந்த அழைப்புகளுக்கு இன்னொரு நிழல் செலவும் உண்டு. யார் எப்போது எந்த ரகசியத்தைத் திறந்தார் என்பதை அமேசானில் க்ளவுட்ட்ரெயில் பதிவு செய்கிறது. முதல் நகல் இலவசம். ஆடிட்டர் கேட்டார் என்றோ, வேறு கணக்குக்கு வேண்டும் என்றோ இரண்டாவது நகல் வைத்தால் ஒவ்வொரு லட்சம் பதிவுக்கும் 2 டாலர். அந்த 7.77 கோடி அழைப்பும் பதிவாகுமே! கணக்குப் போட்டால் 1,555 டாலர் வரும். அழைப்புக்குக் கொடுத்த காசைப்போல நாலு மடங்கு, அதைக் குறித்து வைத்ததற்கு. கேஎம்எஸ் அழைப்புகளை இரண்டாவது நகலிலிருந்து விலக்கி வைக்க வழி இருக்கிறது. ஆனால் அதைவிட அழைப்பையே குறைப்பதுதான் நல்ல வழி.

அதேபோல, சர்வர் இணையத்தைத் தொடாமல் உள்வழியாகவே சீக்ரெட்ஸ் மேனேஜரை அடைய ஒரு தனி நுழைவாயில் போடுவார்கள். அது பிராந்தியத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மண்டலத்திலும் (தனித்தனி டேட்டா சென்டர்) மணிக்கு ஒரு சென்ட் அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மண்டலத்தில் போட்டால் மாதம் 20 டாலருக்கு மேல். 9.60 டாலர் ரகசியத்துக்கு 20 டாலர் கதவு! பெரிய நிறுவனத்துக்கு நியாயம். சின்னக் கடைக்கு வேண்டாம் என்பேன்.

குறியாக்கச் சாவிக்கும் இதே நோய் உண்டு, ஆனால் மருந்து வேறு. லாரிக் கம்பெனி ஒவ்வொரு டெலிவரிப் பதிவிலும் வாங்குபவரின் தொலைபேசி எண்ணைப் பூட்டி வைக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் நேராக கேஎம்எஸ்ஸிடம் போய் பூட்டுகிறது, திறக்கிறது. இரவு அறிக்கை ஒன்று 50 லட்சம் வரிசையைப் படிக்கிறது என்றால் மாதம் 15 கோடி திறப்பு, 450 டாலர். காசை விடுங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு இணையப் பயணம் என்றால் அந்த அறிக்கை காலை டீ நேரத்துக்கும் முடியாது. விநாடிக்கு இத்தனை அழைப்புதான் என்ற உச்சவரம்பும் குறுக்கே நிற்கும்.

இங்கேதான் உறைக் குறியாக்கம் வருகிறது. கேஎம்எஸ்ஸிடம் ‘எனக்கு ஒரு தரவுச் சாவி கொடு’ என்று கேட்டால் அது இரண்டு வடிவில் தரும்: ஒன்று திறந்த நிலையில், மற்றொன்று கேஎம்எஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய சாவியால் பூட்டிய நிலையில். திறந்ததை வைத்து நம் சர்வரிலேயே ஆயிரக்கணக்கான வரிசைகளைப் பூட்டிவிட்டு, நினைவகத்திலிருந்து அழித்துவிட வேண்டும். பூட்டியதைத் தரவோடு சேர்த்து டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளலாம். திருடன் எடுத்தாலும் பெரிய சாவி இல்லாமல் அதைத் திறக்க முடியாது. மறுபடி படிக்க வேண்டியபோது பூட்டிய தரவுச் சாவியை ஒருமுறை கேஎம்எஸ்ஸிடம் கொடுத்துத் திறந்து வாங்கினால் போதும். நாளுக்கு ஒரு தரவுச் சாவி என்று வைத்தால் 15 கோடி அழைப்பு சில ஆயிரமாகக் குறைந்து, மாதத்துக்கான 20,000 இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கேஎம்எஸ் நேரடியாக ஒருமுறைக்கு 4 கேபிக்கு மேல் பூட்டவே செய்யாது. கோப்புகளுக்கு எப்படியும் இந்த வழிதான்.

எஸ்3 சேமிப்பில் கோப்புகளை நம் சொந்தச் சாவியால் பூட்டி வைப்பவர்களுக்கு இதே யுக்தி ஒரே பொத்தானில் கிடைக்கிறது. பக்கெட் கீ என்று பெயர் (பக்கெட் என்பது எஸ்3யில் கோப்புகளைப் போடும் பெட்டி), 2020 டிசம்பரில் வந்தது. போட்டால் கேஎம்எஸ் அழைப்புச் செலவு 99 சதவீதம் வரை குறையும் என்கிறது அமேசான். பழைய பக்கெட்டுகளில் அது போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கு அது தானாகப் பொருந்தாது, புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்குத்தான்.

சாவியை அவ்வப்போது மாற்றுவது நல்ல பழக்கம்; அதற்கும் ஒரு விலை இருக்கிறது, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு விதமாக. அமேசானில் சாவியின் முதல் இரண்டு மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு டாலர் கூடும், அதன்பிறகு எத்தனை முறை மாற்றினாலும் கூடாது. ஆக ஒரு சாவி மூன்று டாலரில் நின்றுவிடும். கூகிளில் அப்படி உச்சவரம்பு இல்லை. ஒவ்வொரு பதிப்பும் தனி வாடகை; பழையதை நீங்கள் அழிக்கும்வரை ஓடும். 20 ரகசியத்தை மாதாமாதம் மாற்றி, பழையதை அழிக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் 260 பதிப்பு, மாதம் 15 டாலருக்கு மேல். அழித்திருந்தால், இலவச ஆறு போக, 0.84 டாலர்தான்.

அழிப்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய பாஸ்வேர்டை அழித்தால் ஒன்றும் போகாது. குறியாக்கச் சாவியை அழித்தால், அதால் பூட்டிய எல்லாமே போய்விடும்; அமேசானுக்கு ஃபோன் போட்டாலும் வராது. மாதம் ஒரு டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் இதைச் செய்யாமல் இருக்கத்தான் 7 முதல் 30 நாள் காத்திருப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நாட்களுக்கு வாடகை கிடையாது. ஆனால் சாவியை அழிக்காமல் முடக்கி மட்டும் வைத்தால் வாடகை தொடரும். எது எதைப் பூட்டியது என்று தெரியாத பழைய சாவியா? முடக்குங்கள், சில மாதம் பாருங்கள், யாரும் அலறவில்லை என்றால் பிறகு யோசிக்கலாம். அந்தச் சில டாலர் போனால் போகட்டும்.

அஷூர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: கீ வால்ட் வழியாக இணையச் சான்றிதழை (தளம் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டுவது) புதுப்பித்தால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 3 டாலர். வருடத்துக்கு ஒருமுறை என்றிருந்தபோது இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைக்க முடிவாகிவிட்டது. 2029 மார்ச்சிலிருந்து 47 நாள்தான். அப்போது ஒரு சான்றிதழுக்கு வருடம் எட்டு முறையாவது ஆகும்.

அப்புறம், தனி ஹெச்எஸ்எம். ‘வங்கிகள் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கின்றன’ என்று விற்பனையாளர் சொல்வார். அமேசானின் சாதாரண கேஎம்எஸ்ஸிலும் சாவி ஹெச்எஸ்எம்முக்குள்தான் இருக்கிறது, பலரோடு பகிர்ந்துகொள்ளும் பெட்டி. தனி ஹெச்எஸ்எம் என்றால் உங்களுக்கென்றே ஒன்று. அமேசானின் க்ளவுட்ஹெச்எஸ்எம் மணிக்கு ஒன்றரை டாலர் அளவில். அஷூரின் மேனேஜ்டு ஹெச்எஸ்எம் 3.20 டாலர் அளவில். ஒரு மாதம் 730 மணி. அஷூர் கணக்கில் 2,336 டாலர், அதாவது 42,000 ரேண்ட். அமேசானில் ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டும் என்று இரண்டாவது வைக்கச் சொல்வார்கள். பயன்படுத்தினாலும் சும்மா வைத்திருந்தாலும் மீட்டர் ஓடும். சாவி முற்றிலும் நம் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலோ விதியிலோ எழுதியிருந்தால் ஒழிய, இதன் பக்கமே போகாதீர்கள். சோதித்துப் பார்க்க ஒன்றை உருவாக்கிவிட்டு வெள்ளிக்கிழமை மறந்து வீட்டுக்குப் போவது, க்ளவுட் உலகத்தின் மிக விலை உயர்ந்த வார இறுதிகளில் ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் இருப்பதால் நமக்கென்று வரும் விஷயங்கள் சில. விலையெல்லாம் டாலரில், ரேண்ட் விழுந்தால் நீங்கள் எதுவும் செய்யாமலே பில் ஏறும். ஆகவே ஆண்டு பட்ஜெட் போடும்போது இன்றைய மாற்று விகிதத்தில் போடாமல் ஒன்றிரண்டு ரேண்ட் கூட்டியே போடுங்கள். அதன்மேல் 15 சதவீத வாட். 2025ல் அதை 15.5 ஆக்கப் பார்த்துக் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். வாட்டுக்குப் பதிவு செய்த தொழில் திரும்பப் பெறலாம். பதிவு செய்யாத சிறு கடைக்கு அது முழுச் செலவு.

எந்தப் பிராந்தியத்தில் வைப்பது? முன்பு வேறு வழியில்லாமல் அயர்லாந்தில் வைத்தவர்கள் பலர். அஷூர் 2019ல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020ல் கேப் டவுனிலும், கூகிள் 2024ல் ஜோஹன்னஸ்பர்க்கிலும் திறந்துவிட்டன. பொதுவாக சர்வர் விலை இங்கே ஐரோப்பாவைவிடக் கூடுதல். சாவி, ரகசியச் செலவு சின்னது என்பதால் அதற்காகப் பிராந்தியம் தேர்ந்தெடுக்காதீர்கள். சர்வர் எங்கேயோ சாவியும் அங்கேயே. சாவி அயர்லாந்திலும் சர்வர் கேப் டவுனிலும் இருந்தால் ஒவ்வொரு திறப்பும் கடல் கடந்து போய் வரும்.

போப்பியா என்று நாம் சொல்லும் தனியுரிமைச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவு ‘தகுந்த, நியாயமான’ பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது; இன்ன சேவையைத்தான் வாங்கு என்று சொல்லவில்லை. அபராதம் ஒரு கோடி ரேண்ட் வரை போகலாம். வெறும் மிரட்டல் இல்லை: 2021ல் நீதித்துறை அமைச்சகமே இணையத் தாக்குதலுக்கு ஆளானது. வைரஸ் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டது பிறகு தெரியவந்தது. அவற்றைப் புதுப்பிக்கச் சொன்ன உத்தரவையும் நிறைவேற்றாததால், 2023 ஜூலையில் தகவல் ஒழுங்குமுறை அலுவலகம் அமைச்சகத்துக்கு 50 லட்சம் ரேண்ட் அபராதம் விதித்தது. அரசுத் துறைக்கே அந்த நிலை. பாஸ்வேர்டை நிரலிலேயே எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால் மாதம் 200 ரேண்ட் மிச்சம்தான். பொதுவில் கிடக்கும் கீயைத் தேடிப் பிடிக்கும் தானியங்கி நிரல்கள் சில நிமிடத்தில் வந்துவிடும். அந்த மிச்சம் எனக்கு வேண்டாம்.

‘எதற்கு அமேசானுக்குக் கொடுக்க வேண்டும், ரகசியங்களைக் காக்கும் ஹாஷிகார்ப் வால்ட் மென்பொருளை நாமே ஆபீஸில் போட்டுக்கொள்ளலாமே, இலவசம்தானே’ என்று கேட்கும் ஆர்வக்காரர்கள் உண்டு. 2023ல் அதன் உரிமம் மாறியது. முழுக்கத் திறந்த மூலம் வேண்டுமென்பவர்கள் ஓப்பன்பாவ் என்ற கிளையை எடுக்கிறார்கள். நல்ல மென்பொருள், எனக்கும் பிடிக்கும். ஆனால் டர்பனில் ஆபீஸ் சர்வரில் ஓட்டுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வால்ட் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் பூட்டிய நிலையிலேயே எழும். இயல்பான அமைப்பில் ஐந்து பேரிடம் சாவித்துண்டு இருக்கும். மூன்று பேராவது வந்து தங்கள் துண்டைக் கொடுத்தால்தான் திறக்கும். 2023ல் ஆறாம் நிலை லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கரண்ட் போகும். யூபிஎஸ் கைவிட்ட ஒவ்வொரு முறையும் மூன்று பேரைத் தேடி ஃபோன் போட வேண்டும், அவர்களில் ஒருவர் புரட்டாசிச் சனிக்குக் கோயிலில் இருப்பார். இப்போது லோட்ஷெடிங் அடங்கியிருக்கிறது. கேபிள் திருட்டும் துணைநிலையக் கோளாறும் அடங்கவில்லை. இதற்குத் தீர்வாகத் தானாகத் திறக்கும் வசதி உண்டு. அது எதை வைத்துத் திறக்கிறது தெரியுமா? க்ளவுடில் ஒரு கேஎம்எஸ் சாவி, மாதம் ஒரு டாலர்.

அதோடு பராமரிப்பவரின் நேரம். மாதம் நாலு மணி நேரம் அதற்குப் போனால்கூட, அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ரகசியத்துக்கு வாடகை கட்டலாம். ஆயிரக்கணக்கில் ரகசியம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, இரவிலும் ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, சொந்த வால்ட் கணக்கில் வரும். கேட்டரிங் கடைக்கு வராது.

அந்தக் கேட்டரிங் கடையை என்னிடம் கொடுத்தால் நான் செய்வது இதுதான். எஸ்எம்எஸ், ஈமெயில், வரைபடம் போன்ற வெளி டோக்கன்களை பாராமீட்டர் ஸ்டோரில் குறியாக்கம் செய்து வைப்பேன். அசல் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் பேமென்ட் கேட்வே கீயும் மட்டும் சீக்ரெட்ஸ் மேனேஜரில், 80 சென்ட். பாஸ்வேர்ட் மாற்றத்தைத் தானியங்கியாக்குவேன். வாடிக்கையாளர் விவரத்துக்கு நாமே உருவாக்கிய ஒரு கேஎம்எஸ் சாவி, தரவுச் சாவி முறையில். மாற்றங்கள் சேர்ந்தாலும் 3 டாலருக்கு மேல் போகாது. எல்லாம் சேர்த்து மாதம் நாலு டாலருக்குள், வாட்டோடு 80 ரேண்ட் அளவு. சோதனைச் சூழலுக்கு அசல் சாவியை ஒருபோதும் கொடுக்க மாட்டேன். அங்கே பாராமீட்டர் ஸ்டோர் போன்றவற்றைப் பூட்ட அமேசான் தானே உருவாக்கும் இலவசச் சாவி போதும்.

லாரிக் கம்பெனிக்கும் பட்டியல் இதேதான், கேஷ் மட்டும் முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். பில் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாமல், அழைப்பு எண்ணிக்கைக்கு ஒரு அலாரம் வையுங்கள். டாலருக்கு வைக்கும் அலாரம் தாமதமாகத்தான் அடிக்கும், ஏனென்றால் செலவுக் கணக்கு சில மணி நேரம் பின்தங்கி வரும். செலவு ஆய்வுப் பக்கத்தில் சேவை வாரியாகப் பார்க்காமல் பயன்பாட்டு வகை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வாடகை ஒரு வரியாகவும் அழைப்பு ஒரு வரியாகவும் பிரிந்து தெரியும். அழைப்பு வரி வாடகை வரியைத் தாண்டியிருந்தால், எந்த நிரல் கேட்கிறது என்று க்ளவுட்ட்ரெயிலில் தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஃபங்ஷனாகத்தான் இருக்கும்.